பேர் மாறினால் வரைபடமும் மாறும்

வாசகர் கேள்வி – பதில்

வடதுருவப் பக்கம் நார்வேக்குச் சொந்தமான ஸ்வால்பார்டு தீவுக்கூட்டத்தில் இந்தியா 2008இல் திறந்த ஹிமாத்ரி ஆய்வு நிலையம் பற்றிய சென்ற இதழ்ப் பக்கத்தில் ஒரு சிறு செடியின் படம் வந்திருந்தது. விரல் நீளம், பாட்டில் கழுவும் பிரஷ் போன்ற கிளைகள், மஞ்சள் தட்டிய பச்சை. கீழே ‘ஹுப்பர்சியா ஆர்க்டிகா, துருவக் கிளப் மாஸ்’ என்று மட்டும் போட்டிருந்தோம். மண்டபத்திலிருந்து தொண்டி வரை அதைப் பற்றி வந்த கேள்விகளே இந்த மாதப் பக்கத்தை நிரப்பிவிட்டன.

மண்டபம் வாசகி: மாஸ் என்றால் பாசி என்று அகராதி சொல்கிறது. எங்கள் வீட்டில் மரிக்கொழுந்துப் பாசி, கஞ்சிப் பாசி எடுத்துத்தான் பிழைப்பு. அதுவும் இதுவும் ஒரே வகையா?

இல்லை. இந்தக் குழப்பம் செடியால் வந்ததில்லை, சொல்லால் வந்தது. கடலடிப் பாறையில் ஒட்டியிருப்பதும் நமக்குப் பாசி, கிணற்றுப் படியில் காலை வாரிவிடுவதும் பாசி. மரிக்கொழுந்தும் கஞ்சிப் பாசியும் சிவப்புப் பாசிகள். வேர், தண்டு, இலை என்று தனித்தனி உறுப்பு அவற்றுக்குக் கிடையாது. உடம்பு முழுக்கக் கடல்நீரிலிருந்தே சத்தை இழுத்துக்கொள்ளும். பாறையைப் பற்றியிருக்கும் அடிப்பகுதி வெறும் பிடிமானம்தான். மழைக்காலத்தில் மதில்மேல் வெல்வெட் போலப் படர்வதுதான் மாஸ். அது நிலத்தாவரம் என்றாலும் நீரை மேலேற்றும் சைலம் இல்லாதது.

கிளப் மாஸுக்கு சைலம், உணவைக் கொண்டுபோகும் ஃபுளோயம், உண்மையான வேர், ஒற்றை நரம்புள்ள இலை எல்லாம் உண்டு. பூவும் விதையும்தான் இல்லை. ஸ்போர் என்னும் ஒற்றைச் செல் தூளால் பெருகும். உறவுமுறையில் மதில் பாசியைவிட உங்கள் ஊர்ப் பனைமரத்துக்குத்தான் அது கிட்டத்துச் சொந்தம். ‘கிளப்’ என்பது கிளை நுனியில் கதாயுதம் போல நிற்கும் ஸ்போர்க் கூம்பைக் குறிக்கிறது. படத்தில் வந்த துருவச் செடிக்கு அந்தக் கூம்பும் கிடையாது. மாஸும் இல்லை, கிளப்பும் இல்லை, பெயர் மட்டும் கிளப் மாஸ்!

கீழக்கரை கல்லூரி மாணவி: அந்தச் செடியைத் தேடினால் லைக்கோபோடியம் செலாகோ, ஹுப்பர்சியா செலாகோ, அதன் துணைச் சிற்றினம் ஆர்க்டிகா, ஹுப்பர்சியா ஆர்க்டிகா என்று நான்கு பெயர் வருகிறது. பரவல் வரைபடமும் ஒவ்வொன்றுக்கு ஒவ்வொரு மாதிரி. எதை எழுதினால் மதிப்பெண்?

நான்கு பெயரும் ஒரே சண்டையில் பிறந்தவை அல்ல. இரண்டு தனித்தனிக் கேள்விகள் கலந்து கிடக்கின்றன. முதலில் அவற்றைப் பிரித்துக்கொள்ளுங்கள்.

முதல் கேள்வி பேரினத்தைப் பற்றியது, அதாவது பெயரின் முதல் சொல். 1753இல் லின்னேயஸ் இந்தக் கூட்டத்தில் பெரும்பாலானவற்றை லைக்கோபோடியம் என்ற ஒரே கூடையில் போட்டார். செலாகோவும் அதில் ஒன்று. 1801இல் பெர்ன்ஹார்டி என்ற ஜெர்மானியர் ஹுப்பர்சியா என்ற பேரினத்தை அமைத்தார். ஜொஹான் பீட்டர் ஹுப்பர்ஸ் என்பவரின் நினைவாக வைத்த பெயர் அது. நூறு ஆண்டுகளுக்கு மேல் பலரும் அதைக் கண்டுகொள்ளவில்லை. இன்று இந்தக் கேள்வி தீர்ந்துவிட்டது என்றே சொல்லலாம். உலக அளவில் பெரணி வல்லுநர்கள் கூடி 2016இல் வெளியிட்ட வகைப்பாடு கிளப் மாஸ்களின் லைக்கோபோடியேசி குடும்பத்தை மூன்று துணைக் குடும்பங்கள், 16 பேரினங்கள், சுமார் 390 சிற்றினங்கள் என்று வகுத்தது. ஹுப்பர்சியா அதில் தனிப் பேரினம். ஆகவே லைக்கோபோடியம் செலாகோ என்பதைப் பழைய பெயர் என்று அடைப்புக்குள் போட்டால் போதும்.

பிரிப்பதற்கான காரணத்தைக் கை லென்ஸிலேயே பார்க்கலாம். லைக்கோபோடியத்தில் தண்டு தரையில் ஊர்ந்து ஓடும். ஸ்போர்ப் பைகள் நுனிக் கூம்பில் சேர்ந்திருக்கும். ஹுப்பர்சியாவில் ஊர்ந்து ஓடும் தண்டு இல்லை. கிளைகள் இரண்டிரண்டாகச் சம அளவில் பிரிந்து குத்தாக நிற்கும். ஸ்போர்ப் பைகள் சாதாரண இலைகளின் கக்கத்திலேயே, சிறுநீரக வடிவத்தில், மஞ்சளாக உட்கார்ந்திருக்கும். இன்னொரு அடையாளம் நுனிப் பக்கத்தில் இலைகளுக்கிடையே இருக்கும் தட்டையான சில மில்லிமீட்டர் மொட்டுகள். இவற்றைக் குமிழ்மொட்டு என்போம். மழைத்துளி பட்டாலே தெறித்து விழுந்து, விழுந்த இடத்தில் புதுச் செடியாகும். லைக்கோபோடியத்தில் இது கிடையாது.

இரண்டாவது கேள்வி தகுதியைப் பற்றியது: துருவத்துச் செடி தனிச் சிற்றினமா, செலாகோவின் துணைச் சிற்றினமா? ரஷ்யத் தாவரவியலாளர் டோல்மாச்சேவ் துருவ வடிவத்தைப் பிரித்துக் காட்டினார். லோவே தம்பதியர் அதைத் துணைச் சிற்றினமாக வைத்தார்கள். சிப்லிவின்ஸ்கி ஹுப்பர்சியாவுக்குள் தனிச் சிற்றினமாக உயர்த்தினார். இது இன்னும் கருத்து வேறுபாடுள்ள இடம். நீங்கள் எந்த நூலைப் பின்பற்றுகிறீர்கள் என்று ஒரு வரி எழுதிவிட்டு எதை எழுதினாலும் பிழையில்லை. எழுதாமல் விட்டால்தான் பிழை.

ஏன் தீரவில்லை? செடியே ஒத்துழைக்காததுதான் காரணம். செலாகோ நிழலில் இலையை விரித்துக் கரும்பச்சையாக நீளும். அதே செலாகோ காற்றும் வெயிலும் அறையும் திறந்த மேட்டில் குட்டையாகி, மஞ்சளித்து, இலையைத் தண்டோடு ஒட்டிக்கொள்ளும். ஆர்க்டிகாவின் தோற்றமும் அதுதான். ஆகவே ‘குட்டை, மஞ்சள், ஒட்டிய இலை’ என்ற மூன்றை மட்டும் வைத்துப் பெயர் சூட்டினால் மேட்டுநிலச் செலாகோவெல்லாம் ஆர்க்டிகா ஆகிவிடும். அடுத்து, குமிழ்மொட்டில் வந்த செடிகள் அத்தனையும் தாயின் அச்சு. ஒரு சரிவு முழுக்க ஒரே மாதிரி நின்றால் அது தனி இனம் என்று கண் ஏமாறும்; உண்மையில் ஒரே செடியின் பிள்ளைகளாக இருக்கலாம். மூன்றாவது, கலப்பினங்கள். ஸ்போர் மலடாக இருந்தாலும் குமிழ்மொட்டால் பிழைத்துப் பெருகிவிடும். இதைப் பிடிக்க எளிய வழி, நுண்ணோக்கியில் ஸ்போர்களைப் பார்ப்பது. கோணலும் சுருக்கமுமாகக் கலந்து கிடந்தால் கலப்பு என்று சந்தேகிக்க வேண்டும். குரோமோசோமை எண்ணித் தீர்க்கலாமே என்பீர்கள். செலாகோ வகையில் ஒரு செல்லுக்கு 260க்கும் மேல். தேர்ந்த கைகளே ‘சுமார்’ போட்டுத்தான் எழுதியிருக்கின்றன.

இனி வரைபடம். ஹவாயில் ஹலேயகலா எரிமலையின் பெயரில் ஹுப்பர்சியா ஹலேயகலே என்று ஒரு சிற்றினம் உண்டு. 2016க்கு முந்தைய வரைபடங்களில் அது ஹவாயிலும் இருக்கும், சுமார் 4,000 கி.மீ. கடலைத் தாண்டி வட அமெரிக்காவின் வடமேற்கு மலைகளிலும் இருக்கும். 2016இல் டெஸ்டோ, ஹெய்ன்ஸ், கில்மன் என்ற தாவரவியலாளர்கள் மூவரும் பெருநிலத்துச் செடியைப் பிரித்து ஹுப்பர்சியா கான்டினென்டாலிஸ் என்று பெயரிட்டார்கள். ஹலேயகலேயின் வரைபடம் ஒரே நாளில் ஹவாய்க்குள் சுருங்கியது. ஒரு செடியும் இடம் பெயரவில்லை, பெயர்தான் பெயர்ந்தது. உங்கள் ஊர்க் கண்மாயை அடைத்து நிற்கும் சீமைக்கருவேலமும் அப்படித்தான். புரோசோபிஸ் ஜூலிஃப்ளோரா 2022இல் நெல்டூமா ஜூலிஃப்ளோரா ஆனது. காடு நின்ற இடத்தில் அப்படியே நிற்கிறது.

ஆர்க்டிகாவுக்கும் இதே கதைதான். ஸ்வால்பார்டு, கிரீன்லாந்து, ஸ்காண்டிநேவியாவின் வட ஓரம், ரஷ்யாவின் ஆர்க்டிக் கரை என்று வளையமாகப் போவது ஒருவகை வரைபடம். துணைச் சிற்றினமாக எடுத்துக்கொண்ட நூலில் அதெல்லாம் செலாகோவின் பெரிய வட்டத்துக்குள் கரைந்துவிடும். அலாஸ்கா, கனடா பக்கம்தான் அதிகச் சிக்கல்; அங்கே சேகரித்த ஒரே செடியை ஒரு நூல் செலாகோ என்னும், இன்னொன்று வேறு பெயர் சொல்லும்.

எனவே எந்த வரைபடத்தைக் கையில் எடுத்தாலும் முதலில் ஆண்டைப் பாருங்கள். அடுத்து, அந்தப் பெயருக்குள் எந்தெந்தப் பழைய பெயர்களைச் சேர்த்திருக்கிறார்கள் என்று பாருங்கள். உலகெங்கும் உயிரினப் பதிவுகளைத் திரட்டும் ஜிபிஃப் (GBIF) போன்ற தளத்தில் தரவு இறக்கினால், தளம் மாற்றிக் கொடுக்கும் பெயரோடு நிற்காமல் சேகரித்தவர் எழுதிய மூலப்பெயர் இருக்கும் நெடுவரிசையையும் வைத்துக்கொள்ளுங்கள். அந்த வரிசையை அழித்துவிட்டால் பிறகு பிரிக்கவே முடியாது. புள்ளி வைத்த வரைபடத்தை நம்பலாம், புள்ளிக்குப் பின்னால் யாரோ சேகரித்த ஒரு செடி இருக்கும். வண்ணம் பூசிய வரைபடம் வரைந்தவரின் ஊகமும் சேர்ந்தது.

ராமநாதபுரம் பொறியியல் மாணவர்: முதலாண்டு இயற்பியல் ஆய்வகத்தில் லேசர் வைத்து லைக்கோபோடியம் பவுடரின் துகள் அளவு காண்கிறோம். சூத்திரம் d = nλD/x (d துகளின் விட்டம், n வளையத்தின் வரிசை எண், λ லேசரின் அலைநீளம், D திரையின் தூரம், x வளையத்தின் ஆரம்). எனக்கு 24.6 மைக்ரான் வந்தது. 30 வர வேண்டும் என்கிறார்கள். பவுடர் பழசா, நான் அளந்தது தப்பா?

இரண்டும் இல்லை. சூத்திரம்தான் உங்களை இறக்கிவிட்டது. பவுடர் என்பது லைக்கோபோடியம் கிளாவேட்டம் செடியின் ஸ்போர். விட்டம் சுமார் 30 மைக்ரான். nλD/x என்பது தோராயம். வட்டமான துகளுக்கு முதல் கரு வளையத்தில் 1 என்பதற்குப் பதில் 1.22 வர வேண்டும், இரண்டாவதில் 2.23. 650 நானோமீட்டர் சிவப்பு லேசர், திரை 20 செ.மீ. தூரம் என்றால் 30 மைக்ரான் துகளுக்கு முதல் கரு வளையத்தின் ஆரம் 5.3 மி.மீ., இரண்டாவது 9.7 மி.மீ. இதை n = 1, n = 2 என்று போட்டால் 24.6, 26.9 என்று வரும். வரிசை கூடக் கூட விடையும் கூடினால் அது சூத்திரத்தின் தடயம், உங்கள் கையின் தவறு அல்ல. ரெக்கார்டில் ஆய்வகச் சூத்திரப்படி எழுதிவிட்டு, கீழே 1.22 திருத்தத்தையும் காட்டுங்கள்.

உண்மையில் கெடுவது தூவும்போது. கண்ணாடித் தகட்டில் ஒரு சிட்டிகைக்கும் குறைவாகப் போட்டு, விளிம்பைத் தட்டி மிச்சத்தை உதறிவிடுங்கள். தடித்தால் வளையம் வராது, வெறும் வெளிச்சத் திட்டுதான். கார்த்திகை, மார்கழியில் தகட்டிலேயே ஈரம் படியும், துகள்கள் கட்டிதட்டும். தகட்டைச் சற்றுச் சூடாக்கித் துடைத்த பிறகு தூவுங்கள். டால்க் கலந்த பவுடரும் உண்டு. அதில் துகள் ஒரே அளவில் இருக்காது, வளையம் மங்கும். நுண்ணோக்கியில் 400 மடங்கில் ஸ்போரின் மேல் வலைப்பின்னலும் ஒரு பக்கம் மூன்று கோடு சேரும் தழும்பும் தெரிந்தால் அசல். அதே இடத்தில் ஹுப்பர்சியா ஸ்போரை வைத்தால் வலைக்குப் பதில் குழி குழியாக இருக்கும். வகைப்பாட்டுக்காரர்கள் செடியைப் பாராமலே துணைக் குடும்பத்தைச் சொல்வது இதை வைத்துத்தான்.

ஒரு எச்சரிக்கை. இந்தத் தூள் காற்றில் பரவிய நிலையில் நெருப்பைக் கண்டால் குப்பென்று பற்றும். ஒரு காலத்தில் மேடை நாடகத்தில் மின்னல் காட்டவும் வாணவேடிக்கைக்கும் இதைத்தான் ஊதினார்கள். பர்னர் எரியும் மேசையில் வாயால் ஊதாதீர்கள்.

ராமேஸ்வரம் வாசகர்: சஞ்சீவி மூலிகை என்று காய்ந்த பழுப்பு உருண்டை வாங்கினேன். தண்ணீரில் போட்டதும் விரிந்தது. இதுவும் கிளப் மாஸ்தானா? உயிர் இருக்கிறதா?

ஒன்றுவிட்ட உறவு. பெரும்பாலும் செலாஜினெல்லா, இந்தியாவில் சஞ்சீவினி என்று விற்பது செலாஜினெல்லா பிரையோப்டெரிஸ். லைக்கோபோடியமும் இதுவும் ஒரே வகுப்பு, வேறு வேறு வரிசை. செலாஜினெல்லாவில் பெரிதும் சிறிதுமாக இரண்டு வகை ஸ்போர். லைக்கோபோடியத்தில் ஒரே வகை.

விரிந்ததை வைத்து உயிர் இருப்பதாக முடிவு கட்டாதீர்கள். செத்த செடியும் ஈரம் குடித்து விரியும். ஒரு நாள் பொறுத்துப் பாருங்கள்: உயிருள்ளது பச்சை திரும்பும். செத்தது பழுப்பாகவே இருந்து தண்ணீரைத் தேநீர் நிறமாக்கும், பிறகு நாறும்.

தொண்டி ஆசிரியர்: எங்கள் கடற்கரையில் இந்தக் குடும்பத்தில் எதுவுமே இல்லையா? கொடைக்கானல் சுற்றுலாவில் மாணவர்கள் எடுத்து வந்த லைக்கோபோடியம் மாதிரிகள் தாளுக்குள்ளேயே பூஞ்சணம் பிடித்துவிட்டன. என்ன செய்திருக்க வேண்டும்?

கிளப் மாஸ் உங்கள் மணலில் இருக்காது. ஸ்போர் வராததால் அல்ல; 30 மைக்ரான் தூளைக் காற்று எங்கும் கொண்டுபோகும். அது முளைத்ததும் மண்ணுக்கடியில் பூஞ்சையின் துணையோடு ஆண்டுக்கணக்கில் நிறமற்ற சிறு கட்டியாகக் கிடந்த பிறகே செடி எழும். அதுவரை மண் குளிர்ச்சியாக, புளிப்பாக, ஈரமாக இருக்க வேண்டும். ராவணன் மீசையும் அடப்பங்கொடியும் ஆளும் உப்பு மணலில் அதற்கு வழியில்லை.

ஆனால் இதே வகுப்பில் நம் கரையின் பெயரையே சுமக்கும் ஒரு செடி உண்டு: ஐசோயிட்டஸ் கோரமண்டலினா. 1782இல் லின்னேயஸின் மகனான இளைய லின்னேயஸ் சோழமண்டலக் கரையை வைத்துச் சூட்டிய பெயர். மழைநீர் தேங்கும் ஆழமில்லாத நன்னீர்க் குட்டைகளில் முளைத்துக் கோடையில் மறையும். பார்த்தால் புல், நெல் நாற்று என்றுதான் தோன்றும். தேடுவதானால் உப்பேறிய ஓரத்தை விட்டு, டிசம்பர், ஜனவரியில் மேட்டுக் குட்டைகளைப் பாருங்கள். சந்தேகப்பட்ட ஒன்றைப் பிடுங்கி இலையைக் குறுக்கே வெட்டுங்கள். நான்கு காற்றறை தெரிய வேண்டும். இலையின் வெள்ளை அடியில் நகத்தால் கீறினால் ரவை போல வெள்ளை மணிகள் உதிரலாம், அவைதான் பெரிய ஸ்போர்கள். ஆரைக்கீரையை இதோடு சேர்க்க வேண்டாம், அது பெரணி.

பூஞ்சண விஷயம். கிளப் மாஸின் இலை முதலில் காய்ந்து ஏமாற்றும். தண்டுக்குள் ஈரம் மிஞ்சியிருக்கும். கடலோர வீட்டில் அடுக்கி வைத்த பழைய செய்தித்தாளே உப்புக் காற்றில் நனைந்துதான் இருக்கும், வெயிலில் போட்டு எடுத்த பிறகே பயன்படுத்துங்கள். அழுத்திய 12 மணி நேரத்தில் முதல் தாள் மாற்றம், பிறகு தினம் ஒரு முறை, ஒரு வாரம். ஐப்பசி, கார்த்திகையில் அதுவும் போதாது. துளையிட்ட மரப்பெட்டியின் அடியில் இரண்டு 40 வாட் குண்டு பல்பு போட்டு, மேலே அழுத்தியை வைத்து, 40–45 டிகிரியில் காயவிடுங்கள். அதற்கு மேல் சூடேறினால் இலை கருகி உதிரும். காய்ந்ததா என்று பார்க்க, கன்னத்தில் வைத்துப் பாருங்கள். சில்லென்றால் இன்னும் ஈரம். பிறகே 42 × 28 செ.மீ. அட்டையில் ஒட்டலாம். உதிரும் ஸ்போரையும் குமிழ்மொட்டையும் மடித்த காகித உறையில் போட்டு அதே அட்டையில் ஒட்டுங்கள். பெயர் கண்டுபிடிக்க முக்கியமானது பெரும்பாலும் அந்த உறைக்குள்தான் இருக்கும். சீட்டில் ‘கொடைக்கானல்’ என்று மட்டும் எழுதினால் பயனில்லை. உயரம், சாலையோரம் வெட்டிய மண்சரிவா சோலை மரக்கிளையா, தேதி எல்லாம் வேண்டும். மரக்கிளையில் தொங்கியது என்றால் அது லைக்கோபோடியமே அல்ல, ஹோலுப் 1964இல் தனிப் பேரினமாக்கிய ஃப்ளெக்மாரியூரஸாக இருக்கும். வனத்துறை அனுமதி இல்லாமல் அடுத்த முறை எதையும் பறிக்க வேண்டாம்.

ஏர்வாடி வாசகர்: கிளப் மாஸிலிருந்து ஞாபகசக்தி மாத்திரை வருகிறதாமே, வாங்கலாமா?

ஹுப்பர்சின் ஏ என்ற பொருள் அது. ஹுப்பர்சியா செர்ராட்டாவிலிருந்து சீன விஞ்ஞானிகள் 1980களில் பிரித்தது. நரம்புகளுக்கிடையே செய்தி கடத்தும் அசிட்டைல்கோலின் சிதைவதைத் தடுக்கும். அளவு மீறினால் அதுவே விஷம். செலாகோவைத் தவறுதலாகத் தேநீராக்கிக் குடித்தவர்களுக்கு வியர்வை, வாந்தி, தசைப்பிடிப்பு, பேச்சுக் குழறல் வந்தது மருத்துவப் பதிவில் உள்ளது. நார்வேயில் இந்தச் செடிக்குப் பெயரே ‘பேன் புல்’. மாட்டுப் பேனைக் கொல்ல வேகவைத்த தண்ணீரில் கழுவினார்கள். மருத்துவரைக் கேட்காமல் வேண்டாம். இதய, ஆஸ்துமா மருந்து சாப்பிடுபவர்கள் நினைக்கவே வேண்டாம்.

தேவிபட்டினம் வாசகர்: நெய்வேலி நிலக்கரி இந்தச் செடிகளின் மூதாதையரால் ஆனதா?

இல்லை. 30 மீட்டர் உயரத்துக்கு நின்ற லெப்பிடோடெண்ட்ரான் போன்ற மரங்கள் ஐரோப்பா, வட அமெரிக்காவின் 30 கோடி ஆண்டுப் பழைய நிலக்கரியில் பெரும்பங்கு. கிழக்கு, மத்திய இந்திய நிலக்கரி அதற்குப் பிந்தைய குளோசாப்டெரிஸ் என்ற விதைத் தாவரக் காடுகளிலிருந்து வந்தது. நெய்வேலி பழுப்பு நிலக்கரி இன்னும் எவ்வளவோ இளையது, பூக்கும் மரங்களின் காலத்தது.

பாம்பன் வாசகர்: ஹிமாத்ரிக்குப் போகும் ஆராய்ச்சியாளர் ஒருவர் எங்கள் உறவினருக்குத் தெரிந்தவர். ஒரு கிளை கேட்டு வாங்கி, ஏசி அறையில் தொட்டியில் வைத்தால் வருமா?

வராது, கேட்கவும் கூடாது. ஸ்வால்பார்டில் தாவரங்கள் சட்டப் பாதுகாப்பில் இருக்கின்றன, பறிப்பதே தடை. இந்தியாவுக்குள் உயிர்ச்செடி கொண்டுவரத் தாவரத் தனிமைப்படுத்தல் அனுமதி வேண்டும். இரண்டையும் தாண்டினாலும், ஜூலையிலேயே சராசரி 5–6 டிகிரி இருக்கும் இடத்துச் செடிக்கு உங்கள் 24 டிகிரி ஏசி அறை அடுப்படி. அவரிடம் படம் கேளுங்கள்: பக்கத்தில் அளவுகோல் வைத்து, ஒன்று முழுக் குத்தும் தெரிய, இன்னொன்று கிளை நுனியை நெருங்கி, இலைக்கிடையில் குமிழ்மொட்டு தெரியும்படி. நுனி தெளிவாக இல்லையென்றால் அந்தப் படத்துக்குப் பெயர் சொல்ல முடியாது.